அழுகை வாக்குமூலம் அல்ல

தலைமைக் கதிரையை நிறைத்திருக்கும் நாகேந்திரம் மாஸ்டர் அவர்களே! கரண்டி பிடித்துக் காய்த்துப்போன விரல்களைப் பிடித்து ஏ பி சி டி எழுதவைத்த எங்கள் ஜவாஹிறா டீச்சர் அவர்களே! காலி வீதியின் பஸ் இரைச்சலையும் கடற்கரை ரயிலின் கூவலையும் கடந்து, முழங்கால் நோவோடு இந்த மாடிப்படி ஏறிவந்த பெரியோர்களே! சேலைத் தலைப்பில் அடையாள அட்டையை முடிந்துகொண்டு வந்திருக்கும் என் தாய்மார்களே! தெஹிவளையிலிருந்தும் மாளிகாவத்தையிலிருந்தும் வந்த என் முஸ்லிம் சகோதரிகளே! மலைநாட்டை விட்டுவந்து கொழும்பு வீடுகளில் அடுப்பெரிக்கும் என் தங்கச்சிமாரே! கடைசி வரிசையில் வடைக்காக மட்டும் வந்திருப்பவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்தப் பாலேஸ்வரியின் கைகூப்பிய வணக்கம்.

சிரியுங்கோ. சிரிக்கத்தான் சொன்னேன். இந்த வெள்ளவத்தையில் நாங்கள் சேர்ந்திருந்து சிரித்து எவ்வளவு காலம்?

எங்கள் பெண்கள் ஆங்கில வகுப்புக்கு இன்றைக்கு ஒரு வயது. இந்த வாசிகசாலையின் மேல்மாடியில், பின்னேரத்தில், வீட்டு வேலை முடித்த கையோடு வந்து படிக்கும் பெண்களின் வகுப்பு. விழாவில் பேசு என்று மாஸ்டர் எனக்கு ஒரு தலைப்புத் தந்தார். என்ன தலைப்பு? ஒன்றுபோலத் தெரியும் ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிவது எப்படி. கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இதை ஒரு படித்த பிள்ளையைக் கொண்டு பேசுவியுங்கோ என்றேன். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சொன்னார்: "படிச்சவை பேசினால் சனம் நித்திரையாய்ப் போகும், பிள்ளை. நீ பேசு."

ஆகையால் நீங்கள் நித்திரை கொண்டால் அது மாஸ்டருடைய பொறுப்பு.

அன்பானவர்களே, ஆங்கிலம் பெரிய பாஷை என்கிறார்கள். நான் முதலில் நம்பவில்லை. வயலில் நிற்பது நெல், சாக்கில் இருப்பது அரிசி, கோப்பையில் இருப்பது சோறு. நமக்கு மூன்று. அவர்களுக்கோ மூன்றுக்கும் ஒரே சொல், ரைஸ். இதுவா பெரிய பாஷை என்று வகுப்பில் கேட்டேன். ஜவாஹிறா டீச்சர் கோபிக்கவில்லை. சோற்றுக்குள் வாழ்கிறவர்கள் சோற்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள் அக்கா, கந்தோரில் ஃபைலுக்குள் வாழ்கிறவர்கள் வேறொன்றைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்றார். அது என்ன வேறொன்று? கேளுங்கோ. மிஸ்டேக் என்று ஒரு சொல். டிஃபெக்ட் என்று ஒரு சொல். ஃபோல்ட் என்று ஒரு சொல். பிளேம் என்று ஒரு சொல். நாலும் எனக்கு ஒரே மாதிரித்தான் கேட்டது. எங்கேயோ ஏதோ பிழைத்துப் போனது என்பதைத் தவிர வேறொன்றும் விளங்கவில்லை.

அந்த நாலு சொற்களையும் நான் ஏன் பிரித்தறிய வேண்டி வந்தது? ஆங்கிலம் கதைத்துப் பெருமை பேசவா? விசா எடுத்து விமானம் ஏறவா? இல்லை. என்ர மகனுக்காக.

என்ர மகன் சிவானந்தனை இங்கே பல பேருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் ஷெல்லடிக்குத் தப்பட்டும் என்று நான்தான் அவனை முதலில் கொழும்புக்கு அனுப்பினேன். ஊர் இடம்பெயர்ந்த பிறகு நானும் வந்து சேர்ந்தேன். காலி வீதிக்குக் கடல் பக்கமாக எழும்பிய ஒரு மாடிக் கட்டடத்தில் அவனுக்கு வேலை. கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் கம்பிக்கூடு ஒன்று ஏறி இறங்குமே, சீமெந்தும் கல்லும் ஏற்றுகிற சாமான் லிஃப்ட், அதை ஓட்டுகிற வேலை. கீழே நின்று சாமான் ஏற்றிவிடுவது அவனுடைய கூட்டாளி ராசிக். மாளிகாவத்தைப் பிள்ளை. இவன் மேலே போவான். அவன் கீழே நின்று "சிவா, சரியா?" என்று கூப்பிடுவான். இவன் "சரி மச்சான்" என்பான். எங்கள் அறை ஜன்னலுக்கு அது கேட்கும். நான் அந்தக் குரல்களைக் கேட்டுக்கொண்டுதான் தேத்தண்ணி குடிப்பேன்.

சோதனைச் சாவடியில் அவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை. பொலிஸ் பிடித்துக்கொண்டு போனபோதும் திரும்பி வந்தான். குண்டு வெடித்த நாளில்கூட வேறு பஸ்ஸில் வந்து தப்பினான். போர் தொடாத என் பிள்ளையை ஒரு பிரேக் தொட்டது. ஒரு காலை, மேலே போன கூடு நிற்காமல் கீழே வந்தது. என் மகன் அதற்குள் இருந்தான்.

இருங்கோ. ஒரு மிடறு தண்ணி குடிக்கிறேன்.

செத்த வீடு. நம்முடைய செத்த வீடு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பெட்டியைச் சுற்றி இருந்தோம். நான் மார்பில் அடித்துக்கொண்டு சொல்லி அழுதேன். "கண் நிறைய நித்திரை கொள்ளாத பிள்ளையை உலுப்பி எழுப்பி அனுப்பினேனே, என்ர ராசா. உன்னைக் கொன்றது நான்தானே, என்ர ராசா." அப்படித்தான் அழுதேன். உண்மையில் அவன் நன்றாக நித்திரை கொண்டவன். எழுப்பியது எல்லா நாளும் எழுப்புவது போலத்தான். ஆனால் ஒப்பாரியில் யார் கணக்குப் பார்ப்பது? தாய் சொல்வாள், நான் எழுப்பினேன் என்று. பெரியம்மா சொல்வாள், நான் மறித்திருக்க வேண்டும் என்று. மாமி சொல்வாள், நான் பெண் கொடுத்திருந்தால் அவன் வேறு வேலைக்குப் போயிருப்பான் என்று. கீழ்மாடி மயிலம்மா, அவனோடு பத்து வார்த்தை பேசியிருக்கமாட்டாள், அவளும் அழுதாள்: படியில் எதிரே வந்தேனே, ஒரு வாய் தண்ணி வேணுமான்னு கேக்கலையே, நான் பாவி ஆனேனே என்று. மயிலம்மா, மறைந்து இருக்காதே, இங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும்.

இதுதான் நம்முடைய வழக்கம். செத்தவன்மேல் ஒரு தூசும் விழவிடமாட்டோம். எல்லாப் பழியையும் எடுத்து எங்கள் தலையில் கொட்டிக்கொள்வோம். ஒப்பாரியைச் சாட்சியாக எடுத்தால் வெள்ளவத்தைப் பெண்களில் பாதிப் பேர் வெலிக்கடைச் சிறையில் இருக்க வேண்டும்.

கை தட்டுவது போதும். இனித்தான் கதை.

அந்தச் செத்த வீட்டுக்குக் கட்டடக் கொம்பனி ஒரு மலர் வளையம் அனுப்பியது. அதைக் கொண்டுவந்தது கொம்பனிக் கிளாக்கர், ஒரு தமிழ்ப் பிள்ளை. வாசலில் நின்றான். நான் அழுததைக் கேட்டான். போய்க் கொம்பனியில் சொன்னான்.

பிறகு விசாரணை வந்தது. வேலையில் ஒருவர் செத்தால் விசாரிக்கிற கந்தோர். நீளமான மேசை. மேசைக்குப் பின்னால் நரைத்த தலையோடு ஒரு விசாரணை அதிகாரி, சிங்களவர். ஒரு பக்கம் கொம்பனியின் சட்டத்தரணி. மற்றப் பக்கம் நான், தனியாக. சட்டத்தரணி எழும்பினார். அந்தப் பிள்ளை நித்திரை இல்லாமல் வேலைக்கு வந்தவன், கைப்பிடியைத் தவறாக இழுத்திருக்கிறான், முழுக்க அவனுடைய மிஸ்டேக் என்றார். எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார். பெற்ற தாயே பலபேர் முன்னால் சொல்லியிருக்கிறார் என்றார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்: "மகன் நித்திரை கொள்ளவில்லை என்றும் நீங்கள்தான் காரணம் என்றும் சொன்னீர்களா, அம்மா?"

நான் என்ன சொல்ல? சொன்னேன்தானே. ஓம் என்றேன்.

அந்த ஓம் எழுதப்பட்டது. எழுதின பேனையின் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. வெளியே வந்தால், மரத்தடியில் ராசிக் நிற்கிறான். முகம் கறுத்துப்போய் நிற்கிறான்.

"ஏன் மாமி ஓம் எண்டீங்க?"

"சொன்னனான்தானே, தம்பி."

"அவன் நித்திரையில ஒண்டும் வரல்ல, மாமி. அந்த பிரேக் முந்தின கிழமையே வழுக்கிச்சு. நாங்க ரெண்டு பேரும் போய்ச் சென்னோம். பெரியவர் வந்து பாத்துட்டு, கம்பியால இறுக்கிக் கட்டிட்டு, ஓட்டுங்கடா எண்டு செல்லிட்டுப் போனாரு."

பெரியவர் என்றால் அந்தக் கட்டட வேலையை நடத்துகிறவர். நான் கேட்டேன், இதை உள்ளே வந்து சொல்லுவாயா என்று. ராசிக் நிலத்தைப் பார்த்தான். சொன்னால் நாளைக்கு வேலை இல்லை என்றான். வீட்டில் ரெண்டு பெண் குழந்தைகள் என்றான். நான் அவனை வற்புறுத்தவில்லை. என்ர பிள்ளைக்காக அவன் பிள்ளைகளைப் பட்டினி போடு என்று எந்த வாயால் கேட்பேன்?

ஆனால் அன்றைக்கு ஒன்று விளங்கியது. என்ர மகன் இரண்டு முறை சாகப் போகிறான். முதல் முறை கூட்டுக்குள். இரண்டாம் முறை அந்த மேசையில். கவனமில்லாதவன், தன்னைத் தானே கொன்றவன் என்று எழுதி மூடப் போகிறார்கள். மூடுவதற்கு என்னுடைய அழுகையை எடுத்து மூடியாகச் செய்திருக்கிறார்கள்.

விடலாமா? நான் பெற்ற பிள்ளையின் பெயரை, நான் வைத்த பெயரை, நான் கூப்பிட்ட பெயரை, நானே அழுது அழித்துவிட்டுப் போகலாமா?

அன்று பின்னேரமே இந்த மாடிப்படி ஏறினேன். அப்போது வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான். டீச்சர் கரும்பலகையில் பழங்களின் பெயர் எழுதிக்கொண்டு நின்றார். எனக்கு மாம்பழம் வேண்டாம் டீச்சர், எனக்கு மிஸ்டேக் என்றால் என்னவென்று சொல்லித் தாருங்கோ என்றேன். அவர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கதிரையில் இருத்தினார். நான் முழுக் கதையும் சொன்னேன். பிறகு டீச்சர் எழும்பிப் பழங்களை எல்லாம் அழித்துவிட்டு இந்த நாலு சொற்களையும் எழுதினார். இன்றைக்கு இதுதான் பாடம் என்றார்.

டீச்சருடைய வகுப்பில் ஒரு முறை உண்டு. ஒரு சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லைப் பாடமாக்கக்கூடாது. அந்தச் சொல் உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும். நாலு சொல்லையும் வைத்துக்கொண்டு நாங்கள் தவித்தோம். ஒருத்தி தையல் மெஷினைச் சொன்னாள், ஒருத்தி புருஷனைச் சொன்னாள். புருஷன் நாலு சொல்லுக்கும் பொருந்தினான், அதனால் பாடத்துக்கு உதவவில்லை.

ஓம், பின்வரிசை ஆம்பிளைகள் எல்லாம் இப்போது நித்திரை தெளிந்துவிட்டார்கள்.

அப்போது மயிலம்மா மூலையிலிருந்து, கையைத் தூக்காமலே சொன்னாள்: "டீச்சர், நான் வேலை செய்யிற வூட்டுல ஒரு சட்டி இருக்கு."

சட்டியா என்று எல்லோரும் திரும்பினோம். மண்சட்டிதான். அடியில் மயிர்போல ஒரு வெடிப்பு. வீட்டுக்கார அம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துகொண்டே அந்தச் சட்டியைத்தான் மயிலம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். குழம்பு கொதிக்கும்போது சட்டி பிளந்து அடுப்பு அணைந்து போனது. ஏச்சு யாருக்கு? மயிலம்மாவுக்கு. அன்றைக்கு அவள் குழம்புக்கு ரெண்டு தரம் உப்புப் போட்டிருந்தாள் என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள்.

டீச்சர் கை தட்டினார். இதற்குள் நாலும் இருக்கிறது, எடுங்கோ என்றார்.

எடுத்தோம், என் தாய்மார்களே. சுளகில் கல்லையும் குறுணியையும் பிரிக்கிற மாதிரி எடுத்தோம். ரெண்டு தரம் உப்புப் போட்டது என்ன? நினைக்காமல் கை செய்தது. அது மிஸ்டேக். சட்டியின் அடியில் இருந்த வெடிப்பு என்ன? அது பொருளில் இருக்கிற பழுது. அதற்கு மனம் இல்லை, மறதி இல்லை. அது டிஃபெக்ட். வெடிப்பு இருக்கிறது என்று தெரிந்தும் இதிலேயே காய்ச்சு என்று கொடுத்தது என்ன? அது குற்றம். அது ஃபோல்ட். பிளந்த பிறகு மயிலம்மாவைத் திட்டியது என்ன? அது பழி. அது பிளேம். பழிக்குக் கால் உண்டு. அது நடந்து போய் யார் தலை தாழ்ந்திருக்கிறதோ அந்தத் தலையில் ஏறிக்கொள்ளும்.

அப்போது ஒன்று பளிச்சென்றது. இது ஆங்கிலத்தின் கெட்டித்தனம் மட்டுமா? பிழை, பழுது, குற்றம், பழி என்று நம்மிடமும் நாலு இருக்கிறதே. நம்முடைய தமிழும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. துக்கம் வந்தால் நாங்கள்தான் நாலையும் ஒரே குடத்தில் ஊற்றி, அந்தக் குடத்தை எங்கள் தலையில் வைத்துக்கொள்கிறோம்.

பிறகு டீச்சர் ஐந்தாவதாக ஒரு சொல் எழுதினார். ஸ்டேட்மென்ட். வாக்குமூலம். அதற்குப் பக்கத்தில் ஆறாவது. க்ரை. அழுகை. பாலேஸ் அக்கா, இந்த ரெண்டையும் பிரித்துச் சொல்லுங்கோ என்றார். வகுப்பு என்னையே பார்த்தது. நான் யோசித்து யோசித்துச் சொன்னேன்: "வாக்குமூலம் கேட்கிறவனுக்குச் சொல்லுறது. அழுகை கேட்காதவனுக்குச் சொல்லுறது."

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நெடுநேரம் கரும்பலகையைத் துடைத்தார். ஒன்றுமே எழுதாத இடத்தைத் துடைத்தார்.

இரண்டாம் விசாரணை வந்தது. அன்றைக்கு மொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சட்டத்தரணி எழும்பி, இனி ஒத்திப்போட என்ன இருக்கிறது, தாயின் ஒப்புதல் எழுத்தில் இருக்கிறது, முடித்துவிடலாம் என்று அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் சொன்னது முழுக்க எனக்கு அப்போது விளங்கவில்லை, பிறகு டீச்சர்தான் சொன்னார். ஆனால் மதர் விளங்கியது. மிஸ்டேக் விளங்கியது. குளோஸ் விளங்கியது. அது போதாதா?

எழும்பினேன். மேசையைப் பிடித்தேன். இந்த முறை என்னோடு வந்த டீச்சர் பின்வரிசை வாங்கில் இருக்கிறார் என்று தெரியும். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் மாணவி. பார்க்காவிட்டால் நான் தாய்.

"சேர், ஐ ஸ்பீக்" என்றேன்.

சட்டத்தரணி சிரிப்பை அடக்கினார். அதிகாரி அவரைக் கை காட்டி இருத்திவிட்டு, என்னைப் பார்த்துச் சிங்களத்தில் "கியன்ன அம்மே" என்றார். சொல்லுங்கள் அம்மா என்று அர்த்தம்.

சொன்னேன். முதலில் சொன்னது இவ்வளவுதான். "சேர், ஐ மதர். ஐ க்ரை. க்ரை நொட் ஸ்டேட்மென்ட்." ஐயா, நான் தாய். நான் அழுதேன். அழுகை வாக்குமூலம் அல்ல.



பிறகு நான் என் பையிலிருந்து அந்தச் சட்டியை எடுத்தேன். ஓம், மயிலம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பிளந்த சட்டி. வாசலில் பையைச் சோதித்த பொலிஸ்காரர் இதென்ன என்று அதைத் தட்டிப் பார்த்து, மணந்து பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு விட்டார். அதை மேசையில் வைத்தேன். வெடிப்பைத் தொட்டு, திஸ் டிஃபெக்ட், லிஃப்ட் பிரேக் சேம் என்றேன். பொஸ் நோ, பொஸ் கிவ், தட் ஃபோல்ட் என்றேன். முதலாளிக்குத் தெரியும், தெரிந்தும் கொடுத்தார், அது குற்றம். என் நெஞ்சைத் தொட்டு, பிளேம், ஐ டேக், பிகோஸ் மதர் என்றேன். தாய் என்பதால் பழியை நான் எடுத்துக்கொண்டேன். கடைசியாகச் சொன்னேன்: "மை சன் மிஸ்டேக், நத்திங்."

நத்திங் என்ற சொல்லை அதுவரைக்கும் நான் வாயால் சொன்னதில்லை. சொன்னேன், தாய்மார்களே. என்ர பிள்ளையின் பிழை ஒன்றும் இல்லை. ஒன்றுமே இல்லை.

இதுவரை சொன்னதை என் திறமை என்று நினைத்துவிடாதேங்கோ. ஒரு சட்டியைக் காட்டி வழக்கு வெல்ல முடியுமா? அந்த அதிகாரி நல்லவர், ஆனால் அவருக்கு வேண்டியது சாட்சி. பிரேக் பழுது என்று நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள், யார் கண்டது என்று கேட்டார், டீச்சர் பின்னாலிருந்து தமிழில் சொன்னார். ராசிக்கின் பெயரைச் சொன்னால் அவன் அடுப்பு அணையும். சொல்லாவிட்டால் என் மகன் பெயர் அணையும். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியே நின்றேன்.

அப்போது பின்னால் ஒரு கதிரை இழுபட்டது.

திரும்பினேன். ராசிக். எப்போது வந்தான், யார் சொல்லி வந்தான், எனக்குத் தெரியாது. சீமெந்துத் தூசி படிந்த சட்டையோடு, வேலையிலிருந்து அப்படியே வந்திருக்கிறான். நான் கண்டேன் சேர் என்று சிங்களத்தில் சொன்னான். பிறகு எல்லாவற்றையும் சொன்னான். வழுக்கினதைச் சொன்னான். முறையிட்டதைச் சொன்னான். கம்பியால் கட்டினதைச் சொன்னான். அந்தக் கம்பி இன்னும் அந்த இரும்பில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றான். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "நீங்க என்ர பேரச் செல்லாம நிண்டீங்க, மாமி. அதுக்குப் பிறகு நான் எப்படிக் குந்திக்கொண்டு ஈக்கிற?"

அதிகாரி அன்றைக்கே எழும்பினார். சட்டத்தரணி மறித்தார், இன்னொரு நாள் என்றார். சட்டி இங்கே வந்துவிட்டது, அடுப்பையும் பார்த்துவிட வேண்டியதுதான் என்று அதிகாரி சிரிக்காமல் சொன்னாராம். டீச்சர் எனக்கு மொழிபெயர்த்தார். எல்லோரும் கட்டடத்துக்குப் போனோம். கூட்டை ஒரு மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். அதிகாரி தன் கையாலேயே சாக்கைத் தூக்கினார். கம்பி இருந்தது. துருப்பிடித்து, முறுக்கி, அறுந்துபோய் இருந்தது. அறுந்த முனை பளபளத்தது.

என் மகனைக் கொன்றவனை நான் நேரில் கண்டேன். அவனுக்கு மனம் இல்லை, மறதி இல்லை. அவன் பழுது. அவனைக் கட்டி ஓட்டச் சொன்னதுதான் குற்றம்.

தீர்ப்பை அதிகாரி தன் வாயால் சொன்னார். இறந்தவரிடத்தில் எந்தப் பிழையும் இல்லை. குற்றம் வேலையை நடத்தியவர்களுடையது. இனி அந்த இடத்தில் எந்தக் கூட்டிலும் ஆள் ஏறுமுன் ஒவ்வொரு காலையும் பிரேக் பார்க்கப்பட வேண்டும். பார்ப்பதற்கு ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும். கொம்பனியில் பெரியவர் மாறினார். புதிதாக வந்தவர் அந்தப் பொறுப்புக்கு ஒருவனைத் தேடினார். பயமில்லாமல் பழுதைப் பழுது என்று சொல்கிறவன் யார் என்று கேட்டிருக்கிறார். அங்கே ஒருவன்தான் இருந்தான்.

எழும்படா ராசிக். எழும்பி எல்லோருக்கும் முகத்தைக் காட்டு.

தட்டுங்கோ. கை நோகத் தட்டுங்கோ. என் மகனுக்குத் தட்டுகிற மாதிரித் தட்டுங்கோ.

அந்தக் கிளாக்கர் பிள்ளையை மறந்தேனா? இல்லை. தீர்ப்புக்குப் பிறகு எங்கள் அறை வாசலில் வந்து நின்றான். கேட்டதைத்தான் சொன்னேன் அம்மா, அது இப்படிப் போகும் என்று நினைக்கவில்லை, என்னை மன்னியுங்கோ என்று அழுதான். அவனுக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். "தம்பி, உன்னுடையது ஃபோல்ட் இல்லை. மிஸ்டேக். குடி" என்றேன். சொற்களைப் பிரிக்கப் படித்தால் பகையைப் பெருக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிரிக்கப் படித்தவளுக்குத்தான் யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்று தெரியும்.

என் தாய்மார்களே, இனி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதற்காகத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

இந்த மண்டபத்தில் என்னைப் போல எத்தனை பேர்? உங்களை எனக்குத் தெரியும். கடைக்கு அனுப்பினேன், திரும்பி வரவில்லை என்கிறவள் இங்கே இருக்கிறாள். மறித்து வைத்திருந்தால் ஷெல் பட்டிருக்காது என்கிறவள் இருக்கிறாள். கொழும்புக்கு வரச் சொன்னது நான், வந்த வழியில் பிடித்தார்கள் என்கிறவள் இருக்கிறாள். அனுப்பினவளும் தன்னைத்தான் சொல்கிறாள், மறித்தவளும் தன்னைத்தான் சொல்கிறாள். அனுப்பினாலும் நாங்கள், மறித்தாலும் நாங்கள் என்றால், ஷெல்லை அடித்தவன் யார்? பிடித்தவன் யார்? கம்பியால் கட்டினவன் யார்? எல்லாப் பழியையும் நாங்கள் சுமந்துகொண்டு போனால், குற்றம் செய்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறானே!

அழுங்கள். நெஞ்சு வெடிக்க அழுங்கள். ஒப்பாரி எங்கள் சொத்து, அதை யாரும் பறிக்க முடியாது. என்னை நானே ஏசிக்கொண்டு அழுவேன், நாளைக்கும் அழுவேன். ஆனால் அந்த அழுகைக்குக் கீழே எவனாவது ஒரு தாளை நீட்டினால், பேனையைத் தொடாதீர்கள். அழுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையைப் பெற்றது பழுதா? இல்லை. பிள்ளையை நம்பி அனுப்பியது பிழையா? இல்லை. பிள்ளை உயிரோடு இருக்கட்டும் என்று ஊர் விட்டு ஊர் வந்தது குற்றமா? இல்லை. இல்லை என்று சொல்லப் பழகுங்கள். தமிழில் சொல்லுங்கள், சிங்களத்தில் சொல்லுங்கள், வேண்டுமென்றால் இந்த மாடிக்கு வாருங்கள், ஆங்கிலத்தில் சொல்ல டீச்சர் பழக்குவார். நத்திங் என்று சொல்லப் பழக்குவார்.

அன்றைக்கு விசாரணைக் கந்தோரை விட்டு வெளிக்கிடும்போது சட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன், அது மயிலம்மாவின் சட்டி. பழியை அந்த மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். திரும்ப எடுக்கப் போகவில்லை. போகமாட்டேன்.

நேரம் போய்விட்டது, மாஸ்டர் மணிக்கூட்டைப் பார்க்கிறார். ஊரடங்கு என்று யாராவது சொல்லுமுன் எல்லோரும் வீடு போய்ச் சேர வேண்டும். ஐந்தாம் வகுப்புக்காரிக்கு மைக் தந்த நாகேந்திரம் மாஸ்டருக்கு நன்றி. எனக்குப் பின்வரிசையில் இருந்தே துணைநின்ற ஜவாஹிறா டீச்சருக்கு நன்றி. சட்டி தந்த மயிலம்மாவுக்கு நன்றி. அவளுடைய வீட்டுக்கார அம்மா இப்போது புதுச் சட்டி வாங்கியிருக்கிறார் என்று கேள்வி. இவ்வளவு நேரம் என்னோடு அழுது, என்னோடு சிரித்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. முஸ்லிம் சகோதரிகளுக்கு என் ஸலாம். மற்ற எல்லோருக்கும் என் இரு கை வணக்கம்.

நாளைக்குக் காலையில் எங்கள் ஜன்னலைத் திறப்பேன். கட்டடத்தடியில் ராசிக் நிற்பான். பிரேக்கைத் தன் கையாலே பார்த்துவிட்டு, மேலே நிற்கிற புதுப் பிள்ளையைக் கூப்பிட்டு, சரியா என்று கேட்பான். சரி என்று மேலேயிருந்து ஒரு குரல் வரும். அது யார் பெற்ற பிள்ளையோ. அந்தச் சரியைக் கேட்ட பிறகுதான் நான் தேத்தண்ணி குடிப்பேன்.

வணக்கம்.